"நான் அப்பவே பாத்தனான்": புகழுக்கு முந்திய மேடையில் நாம் எதைப் பார்க்கிறோம்?

ஊர்ப்பிள்ளை ஒன்று தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குப் போய்விட்டால் போதும், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கைபேசிகள் சூடாகிவிடும். ஊர்ப்பிள்ளையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா இந்தியாவில் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' போட்டியில் வென்றபோது இலங்கைத் தமிழர் எல்லாருமே சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். இப்படி யாராவது மேலே போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து சேரும்: "ஆள நான் அப்பவே பாத்தனான் மனே, எங்கட கோயில் திருவிழாவில. சனமே இல்ல."

சில வேளை இது முழு உண்மை. பல வேளை பாதி உண்மை. சொல்பவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. அவர் மனதார நம்புகிறார். அப்படியானால் அந்த ஆளை உண்மையில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பார்த்தவர்களுக்கு அப்போதே விளங்கியதா? இப்போது திருவிழா மேடையில் பாடிக்கொண்டிருப்பவர்களில் நாளைக்கு யார் என்று இன்றைக்கே கண்டுபிடிக்க வழி உண்டா? இவற்றை அடியிலிருந்து பார்ப்போம்.

"அப்பவே" என்றால் எப்போது?

ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விடயங்கள் ஒளிந்திருக்கின்றன.

1. ஊருக்குத் தெரியும், வெளியே தெரியாது. பாடகருக்கு உள்ளூரில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. கொழும்புக்கோ சென்னைக்கோ தெரியவில்லை. இதைப் பார்ப்பது பெரிய அதிசயம் இல்லை. ஊரில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள்.

2. யாருக்குமே தெரியாது. கற்றுக்குட்டி, சுருதி விலகும், சரணத்தில் வரி மறக்கும். இதைப் பார்த்தவர்கள் உண்மையில் மிகக் குறைவு. அந்த வயதில் அந்த மேடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தாய், தகப்பன், மாமி, வகுப்பாசிரியர்.

3. மேடையில் இருந்தார், ஆனால் பின்வரிசையில்.

மூன்றாவதைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். 1943இல் பிறந்த இளையராஜா, தன் 14ஆவது வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சேர்ந்து கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் போனவர். 'அன்னக்கிளி' வந்தது 1976இல். இடையில் 19 வருடங்கள். அந்தக் காலத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் கிட்டாரும் ஹார்மோனியமும் வாசித்த நாட்களும் அடங்கும். அந்தக் கச்சேரிக்குப் போனவர் யாரைப் பார்த்திருப்பார்? பாடுகிறவரை. எஸ்.பி.பி.யே அப்போது பெரிய ஆள் இல்லை என்பது வேறு கதை. அதேபோல 1980களில் இளையராஜாவின் குழுவில் கீபோர்ட் வாசித்த திலீப் என்ற பையன்தான் 1992இல் 'ரோஜா' வழியாக ஏ.ஆர்.ரஹ்மான் ஆனார். கீபோர்ட்காரரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? ஆகவே "நான் பார்த்தேன்" என்று சொல்பவர்கள் பலர் உண்மையில் பார்க்கவில்லை. அதைவிட வேடிக்கை, பார்த்த பலருக்குத் தாங்கள் பார்த்தது இன்று வரைக்கும் தெரியாது.

நம் பக்கத்து ஏணி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒருவர் மேடைக்கு வரும் வழிகள் கிட்டத்தட்ட நிலையானவை. பாடசாலையில் தமிழ்மொழித் தினப் போட்டி தொடங்கிவைக்கும். கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை வரை போகும் படிகள் அவை. அதன் பக்கத்திலேயே மார்கழித் திருவெம்பாவை, நத்தார் கரோல், முஸ்லிம் ஊர்களில் றபானோடு பாடும் பைத். பிறகு பிரதேச செயலகப் பண்பாட்டு விழா, மட்டக்களப்பு நகரில் தேவநாயகம் மண்டபம். முறையாகப் படிக்கிறவர்களுக்குக் கல்லடியில், காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் பெயரில் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஹோட்டல் மேடைகள் உண்டு. அங்கே கேட்பவர் பெரும்பாலும் வெளிநாட்டார், பாட்டும் அவர்களுக்கானது.

ஆனால் மேடை என்றால் நமக்குத் திருவிழா மேடைதான். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

இரவுத் திருவிழாவின் செலவு அன்றைய உபயகாரருடையது. குழுவைப் பிடிப்பதும் அவர்தான், அல்லது அந்தத் தெருவின் இளைஞர் கழகம். மேடை, கோயில் வெளி மணலில். முன்னால் பாய் விரித்த பெண்களும் பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் கதிரை, அதற்கும் பின்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி இளவட்டங்கள், ஓரத்தில் கச்சான் வண்டி. பிரதான குழு வந்து சாமான் இறக்கி, வயர் இழுத்து, "ஹலோ மைக் டெஸ்டிங்" முடிக்க நேரம் எடுக்கும். அந்த இடைவெளியை நிரப்ப உள்ளூர்ப் பிள்ளைகளை ஏற்றுவார்கள். இந்த இடைவெளிதான் புகழுக்கு முந்திய மேடை. அதில் பாடுபவருக்கு ஒத்திகை கிடையாது. மொனிட்டர் ஸ்பீக்கர் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அது இன்னும் பூட்டப்பட்டிருக்காது. பெரிய பெட்டிகள் எல்லாம் சனத்தைப் பார்த்தபடி இருக்க, பாடகருக்குத் தன் குரல் கொஞ்சம் பிந்தி எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வரும். அதனால்தான் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பாடுகிறார். அடைத்தால் மண்டைக்குள் தன் சுருதி கேட்கும். கீழே இருப்பவர்கள், "காதுக்குள்ள என்ன தேடுறான்?" என்று சிரிப்பார்கள்.

இன்னொரு விடயம் கீபோர்ட்டில் நடக்கும். மூலப்பாட்டின் உச்சம் பிள்ளைக்கு எட்டாது என்று முதல் நாலு வரியிலேயே வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். பல்லவி முடிந்து இடையிசை வரும்போது முழுப் பாட்டின் சுருதியையும் ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தட்டு கீழே தட்டுவார். சனத்துக்குத் தெரியாது. பாடுகிற பிள்ளைக்கு விளங்கியதா, விளங்கி உடனே புதுச் சுருதியைப் பிடித்ததா என்பதைக் கவனித்தால் அந்தப் பிள்ளையின் காது எப்படி என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது. கைதட்டல் பாட்டுக்கு விழுகிறது, அதுவும் படத்தில் யார் ஆடினார் என்பதற்கு.

இங்கேதான் முக்கியமான சிக்கல். நம் மேடையில் எல்லாரும் பாடுவது சினிமாப் பாட்டு. சொந்தப் பாட்டுப் பாடினால் சனம் எழும்பிப் போய்விடும் என்று உபயகாரருக்குப் பயம், அது நியாயமான பயமும்கூட. ஆகவே ஒருவரைப் பின்னால் புகழ்பெற வைக்கப் போவது எதுவோ, அது அந்த இரவில் மேடைக்கு வருவதே இல்லை. எஸ்.பி.பி.யைப் போலவோ ஜானகியைப் போலவோ பாடிய ஒருவரைத்தான் நாம் பார்க்கிறோம். ஆளைப் பார்த்தது உண்மை. அவருடைய இசையைக் கேட்கவில்லை.

கூத்துக் களரி இதை எப்போதோ தீர்த்துவைத்திருந்தது

ஒரு கலைஞரை "முன்பே பார்ப்பது" தற்செயலாக நடப்பது என்று நினைக்கிறோம். மட்டக்களப்புக் கூத்து மரபில் அது முறையாக வகுத்துவைக்கப்பட்ட நிகழ்ச்சி. வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிகளில் எந்தக் கூத்தானாலும் மேடையேறும் வரை சில படிகள் உண்டு:

1. சட்டங் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவாகி, கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் அவரவருக்குரிய பாட்டுப் பகுதியைக் கொடுப்பது.
2. சதங்கை அணிதல்: பழகிக்கொண்டிருப்பவர்கள் முதல் தடவையாகக் காலில் சதங்கை கட்டுவது.
3. அடுக்குப் பார்த்தல்: உடுப்பில்லாமல் முழுக் கூத்தையும் ஓட்டிப் பார்ப்பது.
4. அரங்கேற்றம்.

இவற்றுக்கிடையில் மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். இரவில், ஊரின் நடுவில், எல்லாரும் பார்க்க. களரி, அதாவது ஆடுகளம், வட்டமாக இருப்பதால் நாலு பக்கமும் ஆள். ஒருவன் தாளம் தவறினால் அண்ணாவியாரின் மத்தளம் நிற்கும், சல்லரித் தாளம் நிற்கும், மறுபடி முதல் அடியிலிருந்து. அந்த நிறுத்தத்தை ஊரே பார்க்கும், அடுத்த நாள் வயலில் அதைப் பற்றி ஊரே கதைக்கும். அரங்கேற்ற இரவு வரும்போது, அர்ச்சுனனாக ஆடுபவன் எந்தத் தருவில் (கூத்துப் பாட்டில்) தடுமாறியவன், எப்போது சரிப்படுத்தினான் என்பதெல்லாம் பார்வையாளருக்கு மனப்பாடம். ஆகவே அந்தச் சனம் பார்ப்பது வெறும் முடிவை அன்று, வளர்ச்சியை.

மட்டக்களப்பைச் சேர்ந்த பேராசிரியர் சி.மௌனகுரு, பேராசிரியர் சு.வித்தியானந்தன் 1960களின் நடுப்பகுதியில் தயாரித்த 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர். அன்று பேராதனையில் அதைப் பார்த்தவர்கள் பார்த்தது இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞரை. அவர்தான் மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி ஆழமாக ஆராய்ந்து எழுதப் போகிறவர் என்பது யாருடைய நெற்றியிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் கூத்துப் பழகும் ஊரில் வளர்ந்தவருக்கு இது புதினமும் இல்லை. அங்கே எல்லாரையும் எல்லாரும் "அப்பவே" பார்த்திருப்பார்கள்.

கதிரையை விட ஆள் கூடுவது எப்படி?

உலகத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் இங்கிலாந்தின் மன்செஸ்டர். 1976 ஜூன் 4 அன்று லெசர் ஃப்ரீ ட்ரேட் ஹோல் மண்டபத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்தது. டிக்கெட் 50 பென்ஸ். வந்திருந்தவர்கள் சில டசின் பேர்தான். பின்னாளில் "நான் அங்கே இருந்தேன்" என்று சொன்னவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தச் சில டசினுக்குள் பெர்னாட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் இருந்தார்கள். அவர்கள் பிறகு ஜோய் டிவிஷன் என்ற குழுவைத் தொடங்கினார்கள். நிகழ்ச்சியை ஒழுங்கு செய்த ஹவார்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும் பஸ்கொக்ஸ் குழுவினர். அதாவது அன்று மேடையில் புகழுக்கு முந்திய ஒரு குழு, கீழே கதிரைகளிலும் புகழுக்கு முந்திய இரண்டு குழுக்கள்.

அங்கே டிக்கெட் இருந்தது, மண்டபத்துக்கு ஓர் அளவு இருந்தது, ஆகவே "இத்தனை பேர் இருந்திருக்க முடியாது" என்று கணக்குக் காட்டலாம். நம் கோயில் வெளியில் டிக்கெட்டும் இல்லை, சுவரும் இல்லை. யாரும் வந்திருக்கலாம். மறுக்க வழியே இல்லாத இடத்தில் இந்தக் கதை வளர்வதற்கு மூன்று காரணங்கள்:

1. இரவுகள் கலந்துவிடும். மாமாங்கத்தில் ஒரு வருடம், திருக்கோவிலில் ஒரு வருடம், வேறொரு கோயிலில் இன்னொரு வருடம். ஒரே குழு, ஒரே பாட்டு, ஒரே நிறத்தில் லைட். ஞாபகம் இவற்றை ஒரே இரவாகத் தைத்துவிடும்.

2. பின்னால் பார்த்த வீடியோ முன்னால் போய் உட்காரும். பழைய நிகழ்ச்சியின் துண்டு ஒன்று வட்ஸ்அப்பில் வருகிறது. பத்துத் தடவை பார்க்கிறோம். இரண்டு வருடம் கழித்து, அதைத் திரையில் பார்த்தோமா மணலில் உட்கார்ந்து பார்த்தோமா என்று மூளைக்குப் பிரித்தறிய முடியாது. காட்சி தங்கும், அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு முதலில் அழியும்.

3. முடிவு தெரிந்த பிறகு தொடக்கம் வெளிச்சமாகிவிடும். இதைப் பாருக் ஃபிஷோஃப் என்ற உளவியலாளர் 1975இல் சோதித்துக் காட்டினார். பிரித்தானியருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த பழைய போர் ஒன்றைப் பற்றி ஒரே விவரத்தை எல்லாருக்கும் கொடுத்தார். முடிவை மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரிச் சொன்னார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அது நடக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று முதலிலிருந்தே தெரிந்ததாகப் பொதுவாக நினைத்தார்கள். "அப்பவே முகத்தில ஒரு களை இருந்தது" என்று நாம் சொல்வது இதேதான். களை இருந்து காணாமல் போனவர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அப்போதே கண்டுபிடிக்க முடியுமா?

தொழிலாகவே இதைச் செய்கிறவர்களாலும் முடியவில்லை. பீட்டில்ஸ் 1960இலிருந்து ஜெர்மனியின் ஹம்பர்க் நகர விடுதிகளில் இரவு இரவாக, பல மணி நேரம், பெரும்பாலும் மற்றவர்களின் பாட்டுகளை வாசித்தார்கள். லிவர்பூலின் கவர்ன் கிளப்பில் 1961க்கும் 1963க்கும் இடையில் 292 தடவை. இவ்வளவுக்கும் நடுவில், 1962 ஜனவரி 1 அன்று டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவர்களைச் சோதித்துக் கேட்டது, பிறகு வேண்டாம் என்றது.

ஏன் இப்படி? நல்ல விடை 2006இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. மத்தியூ சல்கானிக், பீட்டர் டொட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். 14,000க்கும் அதிகமானவர்கள் கேட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். ஒவ்வொரு உலகமும் பூச்சியத்திலிருந்துதான் தொடங்கியது. முடிவில் எட்டு உலகத்துக்கும் எட்டு விதமான தரவரிசை. எண்ணிக்கை தெரியாதவர்களின் கணக்கில் 26ஆம் இடத்தில் நின்ற ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலாவது. இன்னோர் உலகத்தில் 40ஆவது.

ஆய்வு சொல்வது "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று இல்லை. இதை அப்படித்தான் பலர் தவறாகச் சொல்வார்கள். மிக நல்ல பாட்டுகள் அரிதாகவே அடிமட்டத்துக்குப் போயின. மிக மோசமானவை அரிதாகவே மேலே வந்தன. நடுவில் இருந்த பெருங்கூட்டம்தான் எங்கும் போகலாம் என்று ஆடியது. திருவிழா மேடைக்குப் பொருத்திப் பார்த்தால்: சுருதி நிற்காதவர் போகமாட்டார் என்று துணிந்து சொல்லலாம். சுருதி நிற்கிற பத்துப் பேரில் யார் போவார் என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் யாருக்கு நாலு பேர் கூடச் சேர்ந்தார்கள் என்பதே வித்தியாசத்தைப் பெருக்கிவிடுகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 'மெனிக்கே மகே ஹிதே' என்ற சிங்களப் பாட்டை 2020இலேயே சதீஷன் என்ற பாடகர் பாடி வெளியிட்டுவிட்டார். 2021 மே மாதம் பாடகி யொஹானி அதே சதீஷனோடு சேர்ந்து அதை மறுபடி பாடினார். அது கடல் கடந்தது. மெட்டு அதேதான்.

ஆள் தெரியாமல் இசை மட்டும் போன கதை

மட்டக்களப்பைப் பொறுத்தவரை "முன்பே பார்த்தோம்" என்று உரிமையோடு சொல்லக்கூடிய ஒன்று உண்டு. போர்த்துக்கேயர் இங்கே 1628இல் கோட்டை கட்டி, 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். பத்தே வருடம். ஆனால் மட்டக்களப்புப் பறங்கியரிடம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் கஃப்ரிஞ்ஞா என்ற துள்ளல் இசையும் தங்கிவிட்டன. கலியாண வீட்டில் வயலினும் றபானும் சேர, சோடி சோடியாக ஆடுவார்கள். இதே இசைமரபின் வழியில்தான் இருபதாம் நூற்றாண்டில் பைலா பிறந்தது. பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன்ஸ் அதைச் சிங்களத்தில் பரப்பினார். 'சுராங்கனி' பாடிய சிலோன் மனோகர் எனும் ஏ.ஈ.மனோகரன் அதே துள்ளலைத் தமிழுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுபோனார்.

ஆகவே மட்டக்களப்பில் பறங்கியரின் கலியாணத்துக்கு அழைக்கப்பட்ட அயல்வீட்டுத் தமிழரும் முஸ்லிமும், நாடு முழுக்கத் தெரியப் போகும் ஓர் இசையை அதற்கு முன்பே வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். வாசித்தவர்களின் பெயர் வெளியே வரவில்லை. இசை மட்டும் வந்தது. 2004 சுனாமியில் டச் பார் பகுதிப் பறங்கியக் குடும்பங்கள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. ஒரு சமூகத்தின் இசை அதன் பெரியவர்களின் விரல்களில் மட்டும் இருக்கும்போது அப்படியான ஒரு காலை எதையெல்லாம் கொண்டுபோகும் என்பதைக் கணக்கிட முடியாது.

சரி, எது சாட்சி?

யாராவது புகழ்பெற்ற பிறகு தேடத் தொடங்கினால் கிடைப்பவை இவை:

1. கைபேசி வீடியோ. இருபது விநாடி, கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது, பாதியில் யாரோ ஒருவரின் தலை. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் நசுங்குவதோடு, எடுத்த நாள் பற்றிய தகவலும் கோப்பிலிருந்து போய்விடும். நாலு கை மாறிய வீடியோ எந்த வருடத் திருவிழா என்பதற்குச் சாட்சியாகாது. முகநூல் நேரலை என்றால் திகதி நிற்கும்.

2. குழுவின் கொப்பி. பழைய இசைக்குழுக்களில் பாட்டு வரிசையும் சுருதியும் எழுதிய ஒரு கொப்பி இருக்கும். யார் எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் பாடினார் என்று அதில் தெரியும். கறையான் தின்னாமல் இருந்தால்.

3. திருவிழா விஞ்ஞாபனம். சனம் அதிகம் மதிக்காத, ஆனால் மிகவும் நம்பக்கூடிய தாள். வருடம், திதி, எந்த இரவு, யார் உபயம், எந்தக் குழு, எல்லாம் அச்சில். பல வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் வருடக்கணக்கில் செருகிக் கிடக்கும்.

அந்த விஞ்ஞாபனத்திலும் குழுவின் பெயர்தான் இருக்கும். பிரதான குழு வயர் இழுக்கும் நேரத்தில் ஏறிப் பாடிய பிள்ளையின் பெயரும், ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டியவரின் பெயரும் இருக்காது. அவற்றை அறிவிப்பாளர் ஒரே ஒரு தடவை மைக்கில் சொல்வார், அதுவும் அடுத்த பாட்டின் இடையிசை தொடங்கிய பிறகு.